ஆண்டாளின் பாவை தாய்லாந்து வரை போனதா? ஸ்ரீவில்லிபுத்தூரும் நகோன் சி தம்மராத்தும்

மார்கழி பிறந்தால் போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் தவறாமல் வந்துவிடும். தாய்லாந்து ராஜா முடிசூடும்போது நம்ம ஆண்டாளோட திருப்பாவையைத்தான் ஓதுறாங்க, பாங்காக்கில் அதுக்காகவே ஒரு பெரிய ஊஞ்சல் கட்டி வச்சிருக்காங்க என்று சொல்லும் அந்தத் தகவல். கூடவே சிவப்பு நிறத்தில் இரண்டு நெடிய தூண்கள் நிற்கும் ஒரு படம். ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரமும் அதே படத்தில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும்.

இதில் எது உண்மை, எது நம் ஆசை? கேள்வி சின்னதுதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால் தெற்குத் தாய்லாந்தில் உள்ள நகோன் சி தம்மராத் என்ற மாகாணத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பது பெரும்பாலும் புத்த விகாரங்கள். அந்த விகாரங்களுக்கு நடுவே, ஒரே சாலையின் இரு புறமும் எதிரெதிராக ஒரு சிவன் கோயிலும் ஒரு பெருமாள் கோயிலும் இருக்கின்றன. நம் கதையின் முடிச்சு அங்கேதான்.

பாங்காக்கில் நடப்பது என்ன?

முதலில் அந்த ஊஞ்சல். அதன் பெயர் 'சாவ் சிங் சா'. பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா 1784-ல் அமைத்தது. 1920-ல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். இன்று நிற்கும் தூண்கள் 2007-ல் புதுப்பிக்கப்பட்டவை, தேக்கு மரத்தால் ஆனவை. பக்கத்திலேயே வாட் சுதாத் என்ற பெரிய புத்த விகாரம். சற்றுத் தள்ளி 'தேவஸதான்' எனப்படும் அந்தணர் கோயில். நம் 'தேவஸ்தானம்' என்ற சொல்லேதான் அது. அதனுள் சிவன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி. அதுவும் 1784-ல் கட்டப்பட்டதுதான்.

இங்கே ஆண்டுதோறும் நடக்கும் விழாவுக்கு 'திரியம்பவாய் திரிபவாய்' என்று பெயர். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், காது தானாகவே திருத்திக்கொள்ளும்: திருவெம்பாவை, திருப்பாவை. தாய் மொழியில் 'திரு' என்பது 'திரி' ஆகிவிட்டது, அவ்வளவுதான். திரியம்பவாய் சிவனுக்கு, திரிபவாய் நாராயணனுக்கு. மாணிக்கவாசகர் பாடியது சிவனுக்கு, ஆண்டாள் பாடியது கண்ணனுக்கு என்ற பங்கீடு கடல் தாண்டியும் மாறவில்லை.

சிவன் பூமிக்கு வந்து 10 நாள் தங்குகிறார் என்பது அங்குள்ள நம்பிக்கை. அவர் புறப்பட்டதும் நாராயணன் வந்து 5 நாள் தங்குவார். சிவனுக்கான நாட்கள் ஆரவாரமானவை, பெருமாளுக்கான நாட்கள் அமைதியானவை. படைக்கும் பொருட்களைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வந்துவிடும்: பொரி, அவல், தேங்காய், வாழைப்பழம், கரும்பு, கிழங்கு. ராஜபாளையம் சந்தையில் பொங்கலுக்கு முந்தின நாள் வாங்கும் பட்டியலில் பாதி இது.

முன்பு இந்த விழாவின் உச்சம் ஊஞ்சலாட்டம். நாகங்களைப் போல் தலைப்பாகை அணிந்த ஆட்கள் நான்கு பேராக ஊஞ்சல் பலகையில் நின்று, உயர உயர ஆடி, தனியே ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்ட காசு முடிச்சைப் பல்லால் கவ்வ வேண்டும். சிவனின் பிரதிநிதியாக ஒரு பிரபு ஒற்றைக்காலை ஊன்றி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உலகம் உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்க சிவன் நாகங்களை ஊசலாடச் சொன்னார் என்பது அதற்கான கதை. விபத்துகள் நடந்தன, செலவும் கையைக் கடித்தது. 1935-ல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆக, வாட்ஸ்அப் படத்தில் வரும் ஊஞ்சலில் இன்று யாரும் ஆடுவதில்லை. ஊஞ்சல் கட்டையே அதில் கிடையாது, தூண்கள் மட்டும்தான்.

ஆனால் கோயிலுக்குள் நடக்கும் பகுதி நிற்கவில்லை. இரவில் அந்தணர்கள் கூடி ஓதுகிறார்கள், சங்கு ஊதுகிறார்கள். விழா முடிவில் தெய்வத் திருமேனிகளை நீராட்டி, அன்னப் பறவை வடிவிலான ஒரு சின்ன ஊஞ்சலில் வைத்துப் பாடி ஆட்டி வழியனுப்புகிறார்கள். 'சா ஹோங்' என்று அதற்குப் பெயர். கோயில் ஊஞ்சல் சேவையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மார்கழிதானா அது?

இப்போது விழா நடப்பது தாய் நாட்டுச் சந்திர நாட்காட்டியின் இரண்டாம் மாதத்தில். நம் கணக்கில் பெரும்பாலும் மார்கழிக் கடைசி, தை முதலை ஒட்டி வரும். பாங்காக் தலைநகரான தொடக்க காலத்தில்தான் இப்படி மாற்றப்பட்டது. அதற்கு முன்பு முதல் மாதத்தில் நடந்தது.

அந்த முதல் மாதம் எது? அவர்களுடைய 12-ம் மாதப் பவுர்ணமியில் வருவது லாய் கிராதோங், ஆற்றில் விளக்கு மிதக்கவிடும் திருவிழா. நம் ஊரில் கார்த்திகை தீபம் ஏற்றும் பருவத்தை ஒட்டி வருவது அது. கார்த்திகைக்கு அடுத்தது மார்கழி. ஆகவே அவர்களின் முதல் மாதம் நம் மார்கழிக்கு நிகரானது. சிவனுக்கான 10 நாள் வளர்பிறை ஏழாம் நாளில் தொடங்கிப் பவுர்ணமியைத் தாண்டி முடிகிறது. சிவன் கோயில்களில் திருவெம்பாவை ஓதி, 10-ம் நாள் பவுர்ணமியை ஒட்டி ஆருத்ரா தரிசனம் காணும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிடுங்கள். பெயர் ஒற்றுமை ஒரு தற்செயல் என்று சொல்பவர்கள்கூட இந்த நாட்கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

யார் இந்த அந்தணர்கள்?

1767-ல் பர்மியப் படைகள் அயுத்தயா நகரை அழித்தன. சியாமின் அரச குடும்பம் மட்டுமல்ல, அரசவைச் சடங்கு தெரிந்தவர்களும் சுவடிகளும் சிதறிப்போயினர். புதுத் தலைநகரில் முடிசூட்டு விழாவை முறைப்படி நடத்த வேண்டுமே, யாரைக் கூப்பிடுவது? தெற்கே, பாங்காக்கில் இருந்து ஏறக்குறைய 780 கி.மீ. தொலைவில் இருந்த நகோன் சி தம்மராத்தில் அந்தணக் குடும்பங்கள் இருந்தன. அங்கிருந்து வரவழைத்தார்கள். இன்றைய அரசவை அந்தணர்களின் வேர் பெரும்பாலும் அந்தத் தெற்குச் சீமையில்தான்.

தங்கள் முன்னோர் ராமேஸ்வரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக இருக்கும் பேச்சு. அதற்குப் பட்டயமோ தேதியோ காட்ட முடியாது. ஆனால் அவர்கள் கையில் இருந்த சுவடிகள் வேறொரு சான்றைத் தருகின்றன. அவை கிரந்த எழுத்தில் எழுதப்பட்டவை. வடமொழியை எழுதத் தமிழ்நாட்டில் பயன்பட்ட எழுத்து அது. லண்டனில் தமிழ் கற்பித்த அறிஞர் ஜான் மார், பாங்காக்கின் கிரந்தச் சுவடிகளை ஆராய்ந்து 1969-ல் கட்டுரை வெளியிட்டார். அந்தச் சுவடிகளில் தேவாரப் பகுதிகள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். தலைமுறை தலைமுறையாக ஓதி ஓதி, உச்சரிப்பு தாய் மொழிக்கு ஏற்ப உருமாறி, ஓதுபவருக்கே பொருள் தெரியாத மந்திரமாகிவிட்டது தமிழ்.

நகோன் சி தம்மராத்: விகாரங்களின் ஊர்

இந்த மாகாணத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நகர ஸ்ரீ தர்மராஜ' என்பதன் தாய் உச்சரிப்புதான் நகோன் சி தம்மராத். தர்மராஜன் என்றால் இங்கே தருமர் அல்ல, புத்த தர்மம் காத்த அரசன். ஐரோப்பிய வணிகர்கள் இதை 'லிகோர்' என்றார்கள். அதற்கும் முன்னால் இது தாம்பரலிங்கம் என்ற அரசு. நம் பக்கத்துக் கல்வெட்டில் இதற்கு வேறொரு பெயர் உண்டு: மாதமாலிங்கம். 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் இதுவும் ஒன்று. தலைத்தக்கோலம் என்பதும் அதே பட்டியலில் வரும். மேற்குக் கரையில் உள்ள தகுவாபா வட்டாரம்தான் அது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

ஊரின் நடுநாயகம் வாட் பிரா மகாதாத். இலங்கை பாணியில், கவிழ்த்த மணி போன்ற வடிவில் 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் வெள்ளைத் தாதுகோபம், உச்சியில் தங்க முடி. இன்றைய வடிவம் 13-ம் நூற்றாண்டு வாக்கில் உருவானது என்கிறார்கள். ஓர் இளவரசனும் இளவரசியும் புத்தரின் பல்லைக் காப்பாற்றிக் கடல்வழியே கொண்டு வரும்போது இங்கே கரையேறினார்கள் என்பது தலபுராணம். இலங்கைக் கண்டியில் உள்ள தலதா மாளிகையின் புராணமும் ஏறக்குறைய இதே கதைதான். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இந்த விகாரம் இடம்பெற்றது.

மாசிப் பவுர்ணமியை ஒட்டி வரும் மாக பூஜையன்று, நீண்ட துணியை ஆயிரக்கணக்கானோர் தலைக்கு மேல் தூக்கி ஊர்வலமாகக் கொண்டுவந்து, இந்தத் தாதுகோபத்தின் இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்கள். கடலில் ஒதுங்கிய ஒரு துணியில் புத்தரின் வாழ்க்கை வரையப்பட்டிருந்ததாம், அதைச் சாத்தியதில் தொடங்கிய வழக்கமாம். இன்னொரு சுவையான சேதி: கோபுர முடியின் நிழல் தரையில் விழாது என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் பற்றி நம்மவர்கள் சொல்வதேதான். நிழல் விழத்தான் செய்கிறது, இரண்டு ஊரிலும்.

இதே விகார வளாகத்தில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்தது. முழுதாகப் படிக்க முடியாத நிலை. இருந்தாலும் 'தன்மசேனாபதி' என்ற பெயரும், பிராமணர்களைப் பற்றிய குறிப்பும் அதில் தெரிகின்றன. புத்த விகாரத்தில் தமிழ் எழுத்து, அதில் அந்தணர் பற்றிய பேச்சு. இன்று நாம் சமயங்களுக்கு நடுவே போடும் கோடுகள் அன்றைக்கு அங்கே இவ்வளவு அழுத்தமாக இல்லை.

நம் பக்கமும் அப்படித்தான் இருந்தது. 1006 வாக்கில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயை எழுதி வைத்தவன், பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜ சோழன். அடுத்த தலைமுறையில் மகன் போய் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். உறவும் சண்டையும் ஒரே கப்பல் பாதையில் மாறி மாறிப் போயின.

பாண்டிய நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தாம்பரலிங்கத்து அரசன் சந்திரபானு 1247-ல் இலங்கைமேல் படையெடுத்தான். இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் அவனை 'சாவகன்' என்கிறது. பின்னர் பாண்டியர் இலங்கை விவகாரத்தில் தலையிட்டபோது, சடையவர்மன் வீரபாண்டியன் சாவகனை வென்றதாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு பெருமைப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அடங்கிய பாண்டிய மண்ணின் படையும், நகோன் சி தம்மராத்தின் அரசனும் நேருக்கு நேர் நின்ற களம் இலங்கை.

வணிகர் போட்ட பாதை

படை போவதற்கு வெகு காலம் முன்பே வணிகர் போய்விட்டார்கள். கிராபி மாகாணத்தின் குளோங் தோமில் ஒரு சிறு உரைகல் கிடைத்தது. தங்கத்தை உரசி மாற்றுப் பார்க்கும் கல். அதில் 3-4ம் நூற்றாண்டுத் தமிழ் பிராமி எழுத்தில், இது பெரும்பதன் என்பவரின் கல் என்று பொறித்திருக்கிறது. பத்தர் என்று இன்றும் பொற்கொல்லரைச் சொல்கிறோமே, அந்தச் சொல்தான். வேலை செய்யப் போன ஓர் ஆசாரி தன் கருவியில் பெயர் எழுதி வைத்திருக்கிறார், வேறொருவர் எடுத்துவிடக் கூடாது என்று.

தகுவாபாவில் கிடைத்த 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்னும் முக்கியமானது. 'அவனி நாரணம்' என்ற பெயரில் ஒரு குளம் வெட்டப்பட்டதையும், அதன் காவல் மணிக்கிராமத்தாரிடம் விடப்பட்டதையும் அது சொல்கிறது. மணிக்கிராமம் என்பது தமிழ் வணிகர் குழு. அவனி நாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். கல்வெட்டு கிடைத்த பகுதியில் பல்லவச் சாயல் கொண்ட திருமால் சிலையும் இருந்தது. அந்தக் குன்றுக்குப் பெயரே 'காவ் பிரா நாராய்', நாராயணன் மலை.

இங்கே காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆண்டாளின் காலம் 8 அல்லது 9-ம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் ஒரு பெண் பாவை பாடியதும், அதே காலத்தை ஒட்டித் தமிழ் வணிகர்கள் கடல் தாண்டி ஒரு பெருமாள் பெயரில் குளம் வெட்டிக் காவல் போட்டதும் ஒரே யுகத்துச் சேதிகள். அந்தக் குளக்கரையில் திருப்பாவை பாடினார்களா என்று கேட்டால், அதற்கு இந்தக் கல்லில் பதில் இல்லை. ஆனால் பாட்டு போக வழி இருந்தது.

சரி, திருப்பாவை ஓதுகிறார்களா இல்லையா?

இப்போது வாட்ஸ்அப் தகவலுக்கு வருவோம்.

விழாவின்போது ஓதப்படும் பாடத்துக்கு 'கைலாயக் கதவு திறத்தல்' என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. அரசவைத் தலைமை அந்தணர் முடிசூட்டு விழாவிலும் இதை ஓதுவது வழக்கம். சியாமிய அரசுச் சடங்குகளைப் பற்றி 1931-ல் நூல் எழுதிய குவாரிட்ச் வேல்ஸ் இவற்றையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பாடம் தமிழ், அதிலும் திருவெம்பாவை என்பதை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். 1950-களில் தென்கிழக்காசியா முழுக்கச் சுற்றித் தமிழின் தடங்களைத் தேடியவர் அவர். பின்னாளில் உலகத் தமிழ் மாநாட்டை 1966-ல் கோலாலம்பூரில் தொடங்கி வைத்தவரும் அவரே.

ஆக, முடிசூட்டு விழாவில் ஒலிப்பதாக உறுதியாகச் சொல்லத் தகுந்தது மாணிக்கவாசகர் பாட்டு. ஆண்டாள் பாட்டு அல்ல. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

அப்படீன்னா திருப்பாவை? விழாவின் இரண்டாம் பாதிக்குத் 'திரிபவாய்' என்று பெயர் இருப்பதையும், அது நாராயணனுக்கு உரியதாக இருப்பதையும் கொண்டு, திருப்பாவையும் ஓதப்பட்டிருக்கக் கூடும் என்று கருதினார் தெ.பொ.மீனாட்சிசுந்தரன். பன்மொழிப் புலவர் அவர். அவர் சொன்னது 'கூடும்'. கைமாறிக் கைமாறி வரும்போது அந்தக் 'கூடும்' உதிர்ந்து, இப்போது 'திருப்பாவைதான் பாடுறாங்க' என்று நிற்கிறது. பெயர் இருக்கிறது, தெய்வம் பொருந்துகிறது, மாதம் பொருந்துகிறது. பாட்டு பொருந்துகிறது என்று திருவெம்பாவையைப் போல ஓங்கிச் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டால், ஒரு கவியின் பாட்டே மறைந்த பிறகும் அதன் பெயர் மட்டும் ஆயிரம் ஆண்டு ஒரு வேற்று நாட்டு அரசவையில் ஒட்டிக்கொண்டிருப்பது, முழுப் பாட்டும் இருப்பதைவிடச் சின்ன ஆச்சரியம் இல்லை.

ஆண்டாள் கதை மொழி தாண்டுவது புதிதும் அல்ல. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 16-ம் நூற்றாண்டில் 'ஆமுக்தமால்யதா' என்று தெலுங்கில் காவியம் எழுதினார். கதை நடக்குமிடம் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து பத்துப் பதினோரு கி.மீ. தூரத்தில், தெலுங்கு பேசும் ராஜுக்கள் பெருவாரியாக வாழும் ராஜபாளையம். வீட்டில் தெலுங்கு, மார்கழியில் வாயில் திருப்பாவை. பொருள் புரிந்து பாடுகிறவர்கள் இவர்கள். தேவஸதானில் ஓதுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அங்கே இன்று என்ன மிச்சம்?

நகோன் சி தம்மராத் நகரின் ராஜதம்னோன் சாலையில் 'ஹோ பிரா இசுவான்' இருக்கிறது. இசுவான் என்றால் ஈசுவரன். சாலைக்கு எதிர்ப்புறம் 'ஹோ பிரா நாராய்', நாராயணன் கோயில். இரண்டுமே நம் கண்ணுக்குச் சிறியவை. நாலு பக்கமும் கோபுரம் பார்த்துப் பழகியவர்கள் நேராகத் தாண்டிப் போய்விடும் அளவுக்கு எளியவை. ஈசுவரன் கோயில் பக்கத்தில் ஓர் ஊஞ்சல் தூண், பாங்காக்கில் உள்ளதைப் போலவே, ஆனால் உயரம் குறைவு.

அந்தணர் சடங்கு மங்கிப்போன இந்த ஊரில், பழைய விழாவின் ஒரு பகுதிக்கு மட்டும் மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள். 'ஹே நாங் தான்' என்ற ஊர்வலம். சூரிய சந்திரர், பூமாதேவி, கங்கை ஆகிய தெய்வங்களைச் செதுக்கிய மரப் பலகைகளைப் பல்லக்கில் சுமந்து, பூமிக்கு வரும் சிவனை வரவேற்கப் போகிறார்கள். இப்போது இது நடப்பது மார்கழியில் அல்ல, ஏப்ரலில், தாய் புத்தாண்டான சோங்கிரானை ஒட்டி. அதாவது நம் சித்திரை முதல் நாள் வாக்கில். விடுமுறை, கூட்டம், சுற்றுலா எல்லாம் அப்போதுதான் வாய்க்கிறது. ஊர்வலத்தில் நடப்பவர்களில் பெரும்பாலோர் புத்த சமயத்தவர்கள். அன்று காலை வாட் மகாதாத்தில் பூ வைத்து வணங்கிவிட்டு, மாலை ஈசுவரனை வரவேற்கப் போவதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரிவதில்லை.

பாங்காக்கில் நான்காம் ராமா காலத்திலேயே இந்தக் கலப்பு முறையாகிவிட்டது. அந்தணர் நடத்தும் அரசவைச் சடங்குகளோடு பிக்குகள் ஓதுவதையும் அவர் சேர்த்தார். 2019 மே மாதம் பத்தாம் ராமா முடிசூடியபோது தொலைக்காட்சியில் உலகமே பார்த்ததும் அதைத்தான். காவி உடுத்திய பிக்குகள் ஒரு பக்கம், வெள்ளை உடுத்திக் கொண்டை போட்ட அந்தணர்கள் மறுபக்கம்.

தேவஸதானின் மார்கழி-தை விழாவுக்கு இரவில் போனால் பொதுமக்களும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். பூஜையில் வைத்த அவலும் பொரியும் பழமும் பிரசாதமாகக் கிடைக்கும். அதே நாட்களை ஒட்டி இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருமுக்குளக் கரை மண்டபத்துக்கு எழுந்தருள, எண்ணெய்க் காப்பு உற்சவம் நடந்துகொண்டிருக்கும்.